டிரெட்மில் வாங்கும் முன் தரையில் ஒரு கட்டம் போடுங்கள்

வேலூர் வேலப்பாடியில், வாடகை வீட்டின் மாடியில் குடியிருக்கும் ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அடையாளம் தெரியாதபடி சுருக்கிச் சொல்கிறேன்.

வயது 51. வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். ஆறு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்த மூன்று மாத ரத்தச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.1. உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 78 கிலோ. இடது முட்டியில் வலி; எக்ஸ்ரே பார்த்த டாக்டர் "தேய்மானம் ஆரம்பம்" என்றாராம். ராத்திரியில் உள்ளங்கால் எரிகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

முன்பெல்லாம் விடியற்காலையில் கோட்டைக்குப் போய் அகழி ஓரமாக நடந்துவிட்டு வருவாராம். மாமியாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, ஒன்றரை வருடமாக அது நின்றுவிட்டது. கணவர் லாங்கு பஜாரில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை பார்க்கிறார். காலை ஒன்பதரைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருகிறார். ஓசூரில் இருக்கும் மகன், "அம்மா, வீட்டிலேயே நடக்க ஒரு டிரெட்மில் வாங்கிக்கோ" என்று 30,000 ரூபாய் தரத் தயாராக இருக்கிறார். மகனும் அம்மாவுமாகப் போனில் ஒன்றைப் பார்த்தும் வைத்திருக்கிறார்கள்: 5 எச்.பி. மோட்டார், மணிக்கு 14 கிலோமீட்டர் வேகம், தொப்பையைக் குறைக்க மசாஜர் பெல்ட், மடித்துச் சுவரோரம் நிறுத்தும் வசதி.

ஹால் 10-க்கு 12 அடி. அதில் தையல் மெஷின், திவான், டிவி. டிரெட்மில்லைப் பெட்ரூம் பரணுக்குக் கீழே போடலாமா, மொட்டை மாடி ஷீட் ரூமில் போடலாமா என்று கேட்கிறார். கீழ் வீட்டில் ஹவுஸ் ஓனர். "ரெண்டு மாசம் நடப்ப, அப்புறம் துணி காயப் போடுவ" என்கிறாராம் கணவர். முட்டி இன்னும் தேய்ந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. கடைசியில், "என் பிள்ளை கஷ்டப்பட்டுச் சம்பாதித்த பணம். வீணாகக் கூடாது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் விட்டுவிடுகிறேன்" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

வாங்கலாம். உங்கள் நிலையில் அது வீண் செலவு ஆகாது. ஆனால் போனில் பார்த்து வைத்திருப்பது வேண்டாம். எதை வாங்குவது என்பதற்கு முன்னால், அது எங்கே நிற்கும், எந்த நேரத்தில் நீங்கள் அதன்மேல் ஏறுவீர்கள் என்ற இரண்டும் முடிவாக வேண்டும். இருபது வருடமாக பிசியோதெரபி செய்கிறேன், பல வீடுகளுக்கு நேரில் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். ஓடாமல் நிற்கும் டிரெட்மில்களில் பெரும்பாலானவை பழுதாகி நின்றவை இல்லை. கதவுக்குப் பின்னால் மடித்து வைத்தது, மடித்தபடியே நின்றுவிட்டது.

மடித்து வைக்கும் இடம் வேறு, நடக்கும் இடம் வேறு

"மடித்தால் இரண்டரை அடிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது மெஷின் தூங்கும்போது வேண்டிய இடம். நடக்கும்போது வேண்டியதுதான் உண்மையான கணக்கு. வீட்டு உபயோகத்துக்கான சின்ன டிரெட்மில்லை விரித்தால் சுமார் 5 அடி நீளம், இரண்டரை அடி அகலம் இருக்கும். அதற்குப் பின்னால் 6 அடி காலியாக இருக்க வேண்டும். கால் தடுமாறினால் பெல்ட் உங்களைப் பின்பக்கமாகத்தான் தள்ளும். அங்கே சுவரோ கட்டிலோ இருந்தால், ஓடும் பெல்ட்டுக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி இருந்தால் இறங்க வசதி.

உங்கள் கையில் இஞ்ச் டேப்பும் துணியில் கோடு போடும் சாக்பீஸும் இருக்கின்றன. இன்றைக்கே ஹாலின் 12 அடி நீளவாக்கில் 5-க்கு இரண்டரை அடியில் ஒரு கட்டம் போடுங்கள். முன்பக்கம் ஒரு அடி விடுங்கள். பின்பக்கம் 6 அடி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். 12 அடியில் இது சரியாகப் பொருந்தும். திவானை மட்டும் எதிர்ச் சுவருக்கு மாற்ற வேண்டியிருக்கும். பின்னாலுள்ள 6 அடியில் ஸ்டூல், துணி மூட்டை எது வேண்டுமானாலும் இருக்கலாம். நடக்கும்போது மட்டும் நகர்த்திக்கொள்ளுங்கள். திவான் மாதிரி நகராத பொருள்தான் கூடாது.

கட்டம் போட்டதும் கடைக்கு ஓடாதீர்கள். நான்கு நாள் அந்தக் கட்டத்தை மிதிக்காமல் குடும்பத்தோடு வாழ்ந்து பாருங்கள். அளவு கொடுக்க வரும் பெண்கள் எங்கே நிற்பார்கள்? மாமியாரைக் கைத்தாங்கலாக பாத்ரூமுக்குக் கூட்டிப் போகும்போது வழி போதுமா? ராத்திரி பாய் எங்கே விரிப்பீர்கள்? இந்த நான்கு நாளில் கட்டம் தொல்லையாகத் தெரியாவிட்டால், மெஷினை விரித்தபடியே வைத்துவிடலாம். நான் விரும்புவது அதைத்தான். மோட்டார் உள்ள மடிக்கும் டிரெட்மில் 40, 50 கிலோ இருக்கும்; நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்றரை மாதிரி. தூக்க ஹைட்ராலிக் உதவி இருந்தாலும், முட்டி வலியோடு தினமும் இரண்டு வேளை குனிந்து விரித்து, திரும்ப மடித்து நிறுத்துவது பத்து நாளில் சலித்துவிடும். வீட்டைப் பெருக்கித் துடைக்க, விருந்தாளி வந்தால் ஒதுக்க மடிக்கும் வசதி இருக்கட்டும். தினசரி பழக்கத்தை அதன்மேல் கட்டாதீர்கள்.

பெட்ரூம் பரணுக்குக் கீழே வேண்டாம். நீங்கள் சொன்ன அளவில் அங்கே பின்னால் ஒரு அடி தள்ளிச் சுவர் வந்துவிடுகிறது. உங்கள் தலை தப்பினாலும், நடக்க ஏறும் உங்கள் வீட்டுக்காரர் தலை பரணில் இடிக்கும். மெஷினின் மேடையே தரையிலிருந்து ஐந்தாறு அங்குலம் உயரம். ஷீட் ரூம் கூடவே கூடாது. நம்ம ஊர் கத்திரி வெயிலில் ஷீட்டுக்குக் கீழே மோட்டாரும் தாங்காது, நீங்களும் தாங்க மாட்டீர்கள். அதோடு மாமியாரைக் கீழே விட்டுவிட்டு மேலே போவதாக இருந்தால், இந்த மெஷின் வாங்குவதற்கே காரணம் இல்லாமல் போய்விடுமே. ஹாலில், பெட்ரூம் கதவைப் பார்த்த மாதிரி முன்பக்கத்தை வையுங்கள். கதவை மறிக்காமல் கொஞ்சம் ஒதுங்கி இருந்தால், நடந்துகொண்டே கட்டிலில் அவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்று தெரியும்.

அந்த 5 எச்.பி. கணக்கு

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பி மகன் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். ஒரு எச்.பி. என்பது 746 வாட். 5 எச்.பி. என்றால் 3,730 வாட். நம் வீட்டில் ஏ.சி., ஹீட்டர் போடும் பெரிய பிளக்கே 16 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது தரக்கூடியது 3,680 வாட். அந்த பிளக்காலேயே தர முடியாத சக்தியில் ஒரு சின்ன டிரெட்மில் தொடர்ந்து ஓடாது. அந்த எண் 'பீக்' அளவு, கண நேர உச்சம். நீங்கள் கேட்க வேண்டியது தொடர்ச்சியாக ஓடும்போது எவ்வளவு என்பதை, அதாவது 'கண்டினியூவஸ்' எச்.பி.யை. உங்கள் தையல் மெஷின் மோட்டார் ஒரு நிமிடம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதா முக்கியம், நாள் முழுக்கச் சூடாகாமல் தைக்குமா என்பதா? அதே கேள்விதான் இங்கும். 78 கிலோவுக்கு, நடைக்கு மட்டும், கண்டினியூவஸ் ஒன்றரை முதல் 2 எச்.பி. போதும்.

14 கிலோமீட்டர் வேகமும் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் நடக்கப் போவது 3 முதல் 5 கிலோமீட்டர் வேகத்தில். மேல் வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தை அகலமான பெல்ட்டுக்குக் கொடுங்கள். பெல்ட் 16 அங்குலத்துக்குக் குறையாத அகலம், 44 அங்குலத்துக்குக் குறையாத நீளம் இருக்கட்டும். 14 அங்குல பெல்ட்டில் நடக்கும்போது கால் ஓரத்தில் படுமோ என்று கண் கீழேயே இருக்கும். கழுத்து வலி அதனாலேயே வரும். தாங்கும் எடை என்று போட்டிருப்பது உங்கள் எடையைவிட 20 கிலோவாவது அதிகமாக, அதாவது 100 கிலோ அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். குறைந்த வேகம் 1 கிலோமீட்டரில் தொடங்க வேண்டும்.

கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடும் 'வாக்கிங் பேட்' என்ற தட்டையான மாடலும் 10,000, 15,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. இடம் குறைந்த வீட்டுக்கு ஆசையாகத்தான் இருக்கும். முட்டியும் பாதமும் நல்லபடியாக இருக்கும் முப்பது வயதுக்காரர் கேட்டால் சரி என்பேன். உங்களுக்கு வேண்டாம், அதில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்காது. சர்க்கரை இறங்கித் தலை சுற்றினாலும், மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போய் பெல்ட் சட்டென்று நின்றாலும் உங்களுக்குக் கைப்பிடிதான் துணை. மோட்டார் இல்லாமல் காலால் தள்ளி ஓட்டும் மாடலும் வேண்டாம். அது சரிவாகவே இருக்கும். ஒவ்வொரு அடியிலும் முட்டியும் இடுப்பும் தள்ளி வேலை செய்ய வேண்டும்.

மசாஜர் பெல்ட் பற்றி: வயிற்றை அதிரச் செய்வதால் அங்கே இருக்கும் கொழுப்பு கரையாது. உடம்பு தனக்கு வேண்டிய கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்று அதுவே முடிவு செய்கிறது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இந்த அளவுகளோடு, கைப்பிடியும் சேஃப்டி கீயும் (கழற்றினால் பெல்ட் நின்றுவிடும் சாவி) உள்ள மடிக்கும் மாடல் பெரும்பாலும் 20,000 முதல் 30,000 ரூபாய்க்குள் அமைந்துவிடும்.

முட்டி, பாதம், மாத்திரை

முட்டி தேய்மானம் என்ற சொல்லே நம்மைப் பயமுறுத்துகிறது. செருப்பு மாதிரி நடக்க நடக்கத் தேயும் என்று நினைத்துக்கொள்கிறோம். குருத்தெலும்புக்குத் தனியாக ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அசையும்போது, அழுத்தி விடும்போது, மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்துப் போகிறது. நீங்கள் நாள் முழுக்க மடக்கிய காலோடு தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பதும், தொடைத் தசை வலுவிழப்பதும் முட்டிக்குச் செய்யும் கெடுதல்தான் அதிகம். சமமான பெல்ட்டில் மெதுவாக நடப்பது ஆரம்பநிலைத் தேய்மானத்துக்கு நல்லது. சரிவை மட்டும் முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். நடக்கும்போது லேசாக வலித்து, சிறிது நேரத்தில் அடங்கிவிட்டால் தொடரலாம். மறுநாள் காலை வலி கூடியிருந்தாலோ முட்டி வீங்கியிருந்தாலோ, முந்தின நாள் நடந்த நேரத்தைப் பாதியாக்குங்கள்.

ஒரு பிளவுஸ் முடித்து அடுத்ததை எடுக்கும் முன், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை. மெஷின் வருவதற்கு முன்பே இதை ஆரம்பித்துவிடலாம். தொடைத் தசை இறுகினால் முட்டி தாங்க வேண்டிய பாரம் குறையும்.

இப்போது அந்த உள்ளங்கால் எரிச்சல். கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை கொடுத்தது அந்த ஒரு வரிதான். பல வருடச் சர்க்கரையில் பாத நரம்புகள் பாதிக்கப்படும்போது முதலில் எரியும், மதமதக்கும், பிறகு உணர்வே குறையும். உணர்வு குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. டிரெட்மில் ஆர்டர் போடும் முன், உங்கள் சர்க்கரை டாக்டரிடம் பாதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்க்கும் சோதனை; சில நிமிடத்தில் முடிந்துவிடும், வலிக்காது. இந்த வருடம் விழித்திரை பார்க்கவில்லையென்றால் அதையும் பார்த்துவிடுங்கள். நடையில் நெஞ்சு கனமாவது, மூச்சு முட்டுவது எப்போதாவது இருந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் செருப்பு போடும் பழக்கமில்லை, வெறுங்காலோடு நடப்பேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பெல்ட்டின் மேல் வெறுங்கால் கூடவே கூடாது. தெருவுக்குப் போடாத ஒரு ஜோடி ஷூவை மெஷினுக்கென்றே வாங்கி அங்கேயே வையுங்கள். விரல்கள் நெருங்காத அகலமான முன்பக்கம் வேண்டும். பருத்தி சாக்ஸ் போடுங்கள். ராத்திரி படுக்கும் முன் பாதத்தின் அடிப்பக்கத்தையும் விரல் இடுக்கையும் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

நைட்டியோடு நடப்பதும் வேண்டாம். நைட்டியின் ஓரமும் புடவை முந்தானையும் பெல்ட்டின் பின் உருளையில் மாட்டக்கூடியவை. சுடிதார் பேன்ட்டும் முட்டிக்கு மேல் நிற்கும் டாப்ஸும் போதும், துப்பட்டா வேண்டாம். இதை நீங்களே தைத்துக்கொள்வீர்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் மாத்திரையில் உள்ள கிளிமிப்ரைடு சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடியது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் பெரிதாக இல்லை. ஆகவே மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். சாப்பிட்டு அரை மணி கழித்து ஏறுங்கள். சாப்பிட்ட பிறகு நடக்கும்போது, ரத்தத்தில் ஏறிவரும் சர்க்கரையைத் தசை நேராக இழுத்துக்கொள்கிறது. பத்துப் பதினைந்து நிமிட நடையே சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவைக் குறைக்கும். 40 நிமிடம் ஒரே மூச்சில் நடக்க வேண்டும், 10,000 காலடிக் கணக்கு வர வேண்டும் என்று மனதைப் போட்டு உழப்பாதீர்கள். வேர்த்தால்தான் பலன் என்பதும் இல்லை. நம்ம ஊரில் சும்மா உட்கார்ந்தாலே வேர்க்கிறது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அதுவே சரியான வேகம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் எட்டு எட்டு நிமிடம் நடந்தால் அது வந்துவிடுகிறது.

மெஷினின் கப் வைக்கும் இடத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைப் பொட்டலமாக மடித்து வைத்திருங்கள். கை நடுக்கம், குளிர் வேர்வை, படபடப்பு வந்தால் மெஷினை நிறுத்தி, இறங்கி உட்கார்ந்து, அதைச் சாப்பிடுங்கள். 15 நிமிடம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். அடிக்கடி இப்படி ஆனால் மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கும். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது.

பேத்தி வரும்போது

மகனின் மூன்று வயதுக் குழந்தை மாதம் ஒருமுறை வரும் என்று சொல்லியிருக்கிறீர்கள். 2021-ல் அமெரிக்காவில் ஒரு டிரெட்மில் மாடலுக்கு அடியில் குழந்தை இழுக்கப்பட்டு இறந்த பிறகு, அந்த மாடலை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. குழந்தையின் கை பெல்ட்டின் பின்னோரத்தில் போகச் சில நொடி போதும். அதனால் சேஃப்டி கீயை ஒவ்வொரு முறையும் பிடுங்கி சாமி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள், சுவிட்சையும் அணையுங்கள். குழந்தை வீட்டில் இருக்கும் நாட்களில் மெஷினை மடித்து லாக் போடுங்கள். மடிக்கும் வசதி உண்மையாகப் பயன்படும் நாட்கள் அவைதான். நீங்கள் நடக்கும்போது அந்தக் கீயின் கிளிப் உங்கள் டாப்ஸில் மாட்டியிருக்க வேண்டும். நீங்கள் பின்னால் போனால் கீ கழன்று பெல்ட் நின்றுவிடும்.

கீழ் வீடும் கரண்டும்

ஹவுஸ் ஓனரிடம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். "ஓடப் போவதில்லை, சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் நடப்பேன், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் போட மாட்டேன்" என்று நேரத்தோடு சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அடியில் கனமான ரப்பர் மேட் போட்டால் அதிர்வு நிறைய அடங்கும். மெஷினும் நீங்களும் சேர்ந்து 130 கிலோ. கான்கிரீட் தளத்துக்கு அது ஒரு பாரமே இல்லை. பழைய மரக்கட்டைத் தளமாக இருந்தால் மட்டும் ஒரு மேஸ்திரியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

15 அல்லது 16 ஆம்பியர் பிளக்கில், எர்த் சரியாக இருக்கும் இடத்தில் நேராகப் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், இன்வெர்ட்டர் லைனும் வேண்டாம். நடை வேகத்தில் சுமார் 400 வாட் என்று வைத்துக்கொண்டால், தினமும் 40 நிமிடம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 16 யூனிட் கூடும்.

தையல் வீட்டில் இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. துணிப் பஞ்சும் நூல் துண்டும் மோட்டார் மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். வாரம் ஒருமுறை மெஷினின் கீழேயும் சுற்றியும் பெருக்குங்கள். மூடியைத் திறந்து சுத்தம் செய்வதை சர்வீஸ்காரர் செய்யட்டும். பெல்ட்டுக்கு அடியில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டியிருக்கும். கைக்கெட்டும் இடத்தில் தையல் மெஷின் எண்ணெய் இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். அது பெல்ட்டைக் கெடுத்துவிடும். டிரெட்மில்லுக்கு சிலிக்கோன் எண்ணெய் மட்டும்தான்.

கடையில், பில்லில்

முடிந்தால் வேலூரிலோ காட்பாடியிலோ ஒரு கடைக்கு உங்கள் ஷூவோடு போய், ஏறி, பத்து நிமிடம் நடந்து பாருங்கள். வேகத்தை 1-லிருந்து 3-க்கு ஏற்றும்போது பெல்ட் வழுக்காமல், இழுத்துக் குலுக்காமல் போகிறதா என்று பாதத்தில் உணருங்கள். கைப்பிடி உங்கள் உயரத்துக்கு எட்டுகிறதா, சிவப்பு பட்டன் கையை நீட்டாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி: பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார்? என் அக்கா வீட்டு மெஷினுக்குச் சென்னையிலிருந்து ஆள் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் நடைப் பழக்கமே விட்டுப்போனது. 'மோட்டாருக்கு வாழ்நாள் வாரண்டி' என்பதில் மயங்காமல், கன்ட்ரோல் போர்டுக்கும் பெல்ட்டுக்கும் எத்தனை வருடம் என்று கேளுங்கள். அதிகம் போவது அவைதான். மாடி ஏற்றிப் பொருத்தித் தருவது விலையில் சேர்ந்ததா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

மகன் ஆன்லைனில் வாங்கினால் பில் அவர் பெயரில் இருக்கும். பரவாயில்லை. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். நீங்கள் வசிக்கும் வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், சென்னைக்கோ பெங்களூருக்கோ அலைய வேண்டியதில்லை. இந்த விலைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வைப்பது நல்லது.

வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை

"கடைசியாக எப்போது தனியாக வெளியே போனேன் என்று நினைவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். டிரெட்மில் வந்துவிட்டது, இனி வெளியே போக வேண்டிய தேவையே இல்லை என்று உங்கள் வீடு முடிவு கட்டிவிடக் கூடாது. உங்கள் கணவர் ஒன்பதரைக்குத்தான் கிளம்புகிறார். வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறிலிருந்து ஏழு வரை அவர் தன் அம்மாவிடம் இருந்தால், நீங்கள் கோட்டைக்குப் போய் வரலாம். அந்த நாளில் மட்டும் கையில் இரண்டு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். மாத்திரையை வந்து டிபனோடு போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "உன் உடம்புக்கு ஏதாவது ஆனால் அம்மாவை யார் பார்ப்பது" என்று அவரே ஒருமுறை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டால் மறுக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்காமல் விடாதீர்கள்.

மெஷின் வந்தால் முதல் வாரம் காலை, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து ஐந்து நிமிடம், 2 கிலோமீட்டர் வேகம், கைப்பிடியைப் பிடித்தபடி. இரண்டாவது வாரம் எட்டு நிமிடம். மூன்றாவது வாரத்தில் மதியத்தையும் சேருங்கள். வேகத்தை 3-க்கு ஏற்றுவது அதற்குப் பிறகு. தரையில் கட்டம் போட்டு நான்கு நாள் ஆனதும், பாதப் பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள். பெல்ட்டின் அகலத்தையும் கைப்பிடியையும் அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கலாம்.